இடது பக்கமா, வலது பக்கமா? குதிரை, மாடு, யானை என்று ஒரு பாடம் வந்த வழி

நீலகிரி என்றால் ஊட்டிக் குளிர், தேயிலை, மலை ரயில் என்று நினைக்கிறவர்களுக்கு எங்கள் ஸ்ரீமதுரை கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். கூடலூர் தாலுகாவில், மலையின் மேற்குச் சரிவில் இறங்கி, வயநாட்டின் தொடர்ச்சிபோல் கிடக்கிற ஊர். மேட்டில் காப்பி, மிளகு, தேயிலை. பள்ளத்தில் நெல் வயல். வயலுக்கு அந்தப் பக்கம் முதுமலைக் காடு. மாடு இல்லாத வீடு குறைவு. யானை வராத வருஷம் கிடையாது. ஆனால் குதிரை? நான் சின்ன வயசில் எங்கள் ஊரில் ஒரு குதிரையைக்கூடப் பார்த்ததில்லை. இந்தக் கட்டுரை அந்த இல்லாத குதிரையில் இருந்துதான் தொடங்குகிறது.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். மழை பிடித்து, புதுப்புல் முளைத்திருந்த சமயம். காலையில் தொழுவத்துக்குப் போன அம்மா கத்திக்கொண்டே ஓடிவந்தார். எங்கள் பசுவின் இடது வயிறு தவில்போல உப்பி நின்றது. மூச்சு வாங்குகிறது, நாக்கு வெளியே. யாரோ எண்ணெய் ஊற்றச் சொன்னார்கள், ஊற்றினோம். யாரோ வாயில் குச்சியைக் குறுக்கே கட்டச் சொன்னார்கள், கட்டினோம். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் மாட்டு டாக்டரைக் கூட்டிவந்தார்.

டாக்டர் அதிகம் பேசவில்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் கையை வைத்துப் பார்த்தார். பையில் இருந்து கட்டைவிரல் பருமனில் ஒரு குழாயை எடுத்தார். உள்ளே கூரான கம்பி. ஒரே குத்து. கம்பியை உருவியதும் சைக்கிள் ட்யூப் பிடுங்கினமாதிரி ஒரு சத்தம், புளித்த நாற்றம். அரை மணி நேரத்தில் பசு காதை ஆட்டியது.

நான் கேட்டேன்: "ஏன் சார் இந்தப் பக்கம் குத்துனீங்க?"

"மாட்டுக்குப் பெரிய வயிறு இடது பக்கம்டா. குதிரையா இருந்தா வலது பக்கம் குத்தணும். பக்கம் மாத்திக் குத்தினா குடல்ல போயிடும், அப்புறம் பொழைக்காது."

"நம்ம ஊர்ல குதிரையே இல்லையே சார்?"

அவர் சிரித்துவிட்டார். "நாங்க காலேஜ்ல படிச்சதே முதல்ல குதிரையைத்தான். மாடு அதுக்கு அப்புறம்."

அந்தப் பதில் எனக்குள் முள்போல இருந்துவிட்டது. ஊர் முழுக்க மாடு இருக்கும்போது மாட்டு டாக்டர் ஏன் குதிரையைப் படித்தார்? பல வருஷம் கழித்து, கிடைத்த புத்தகங்களை எல்லாம் புரட்டி நான் சேர்த்துக்கொண்ட பதில்தான் கீழே.

குதிரை ஏன் முதலில் வந்தது?

ஒரே ஒரு விலங்கின் உடற்கூற்றுக்காக மட்டும் எழுதப்பட்ட முதல் பெரிய நூல் என்று 1598இல் இத்தாலியின் போலோன்யாவில் அச்சான கார்லோ ரூயினியின் புத்தகத்தைச் சொல்வார்கள். எந்த விலங்கு? குதிரைதான். ரூயினி மருத்துவர்கூட இல்லை, ஊரில் பெரிய இடத்து மனிதர். குதிரை அப்போது போருக்கும் அந்தஸ்துக்கும் உரிய சொத்து. சொத்து வைத்திருந்தவர்கள்தான் அறுத்துப் பார்க்கச் செலவு செய்தார்கள்.

உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி 1761இல் பிரான்சின் லியோன் நகரில் நிறுவப்பட்டது. அதற்கு அரசு அனுமதி கிடைத்ததற்கு ஒரு பெரிய காரணம், ஐரோப்பாவில் மாடுகளைக் கொத்துக்கொத்தாகச் சாகடித்த கொள்ளைநோய். நம் ஊரில் வெக்கை என்று சொன்ன அதே நோய். ஆனால் பள்ளியை நடத்தியவர் யார்? க்ளோத் பூர்ஷெலா, குதிரையேற்றப் பள்ளி நடத்திக்கொண்டிருந்தவர். மாட்டைக் காப்பாற்றத் தொடங்கிய இடத்தில் குதிரையே பாடம் ஆனது. அங்கே உடற்கூறு கற்பித்த ஒனோரே ஃபிராகொனார், பிறகு பாரிசுக்குப் பக்கத்தில் அல்ஃபோர் பள்ளிக்கு மாறினார். தோலுரித்துப் பதப்படுத்திய குதிரையின்மேல் தோலுரித்த மனிதன் ஒருவனை உட்காரவைத்து அவர் செய்த உருவம் இன்றும் அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது.

இந்தியாவில் கதை இதே தடத்தில்தான் போனது. கம்பெனிப் படைக்கும் பிறகு அரசுப் படைக்கும் குதிரை வேண்டும். நம் பக்கத்து உதாரணமே இருக்கிறது: ஓசூரை அடுத்த மத்திகிரியில் உள்ள அரசு கால்நடைப் பண்ணை, 19ஆம் நூற்றாண்டில் படைக் குதிரைகளுக்காகத் தொடங்கிய இடம். மாடு அங்கே பிறகு வந்தது. வெக்கையில் மாடுகள் சாவது வருவாயைப் பாதிக்கிற அளவுக்குப் போனபிறகுதான் அரசு 1869இல் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. அதன் அறிக்கை 1871இல் வந்தது. அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கல்லூரிகள்: 1882இல் லாகூர், 1886இல் பம்பாய், 1893இல் கல்கத்தா.

சென்னைக்கு 1903 அக்டோபர் 1ஆம் தேதி வந்தது. வேப்பேரியில் 'டாபின் ஹால்' என்ற சின்னக் கட்டடத்தில் 20 மாணவர்களோடு மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. ஆங்கிலத்தில் டாபின் என்பது ஏர் இழுக்கிற, வண்டி இழுக்கிற சாதுவான குதிரைக்குச் செல்லப் பெயர். கட்டடத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்திருந்தாலும், பொருத்தமாகத்தான் இருக்கிறது.

படிக்க வந்தவர்கள் தஞ்சாவூர், கோயம்புத்தூர், மலபார், ஆந்திரப் பக்கத்துப் பையன்கள். வேலைக்குப் போகப்போவது மாடும் எருமையும் ஆடும் இருக்கிற ஊர்களுக்கு. கையில் இருந்த ஆங்கில நூல்களோ குதிரையை முழுசாக விவரித்துவிட்டு, மற்றவற்றை 'குதிரையில் இருந்து இது இப்படி வேறுபடும்' என்று சொல்கிற நூல்கள். யோசித்துப் பாருங்க. வீட்டில் பசுவோடு வளர்ந்த பையன், தன் பசுவின் வயிற்றைக் குதிரை வயிற்றின் வித்தியாசமாகப் படிக்கிறான்.

வயிறு ஒரு சாதாரண விஷயமும் இல்லை. குதிரைக்கு ஒரே இரைப்பை, அதுவும் சின்னது, பெரும்பாலும் 15 லிட்டருக்குள். புல் நொதிப்பதெல்லாம் பின்னால், வலது பக்கம் உள்ள பெரிய குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலும். மாட்டுக்கு நாலு அறை. முதல் அறை மட்டும் பெரிய மாட்டில் 100 லிட்டருக்கு மேல் கொள்ளும், இடது வயிறு முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கும். எங்கள் டாக்டர் சொன்ன 'பக்கம் மாத்திக் குத்தினா' என்பதன் பொருள் இதுதான்.

சிசன் என்ற வாத்தியார்

கோவை உக்கடத்தில் பழைய புத்தகக் கடை ஒன்றில் எனக்கு ஒரு தடிப் புத்தகம் கிடைத்தது. முதுகு பிய்ந்து, நூல் தொங்கிக்கொண்டிருந்தது. சிசன், கிராஸ்மேன் பெயர் போட்ட வீட்டு விலங்குகளின் உடற்கூறு. நம் நாட்டுக் கால்நடை டாக்டர்கள் பல தலைமுறை 'சிசன்' என்று மட்டும் சொல்வது இதைத்தான். யாரோ ஒரு மாணவர் பென்சிலில் ஓரமெல்லாம் தமிழில் எழுதி வைத்திருந்தார். மாட்டு வயிற்றுப் படத்துக்குப் பக்கத்தில் 'இடது, இடது, மறக்காதே' என்று மூன்று கோடு போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் எங்கள் பசு ஞாபகம் வந்துவிட்டது. விலை பேசாமல் வாங்கிவந்தேன்.

செப்டிமஸ் சிசன் 1865இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கனடாவில் ஒன்டாரியோ கால்நடைக் கல்லூரியில் படித்தார். 1901இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு உடற்கூறு ஆசிரியராகப் போனார். 1924இல் இறக்கும்வரை அங்கேதான். 23 வருஷம், ஒரே இடம், ஒரே பாடம். பெரிய கண்டுபிடிப்பு என்று செய்தித்தாளில் வருகிற எதையும் செய்ததில்லை. முதல் வருஷ மாணவர்களுக்கு எலும்பு, தசை, நரம்பு, குடல் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அவர் ஒன்றைக் கவனித்தார். பழைய நூல்களில் உறுப்புகளின் உருவம் தப்பாக இருந்தது. காரணம் சுலபமானது. உயிர் போன உடலைத் திறந்தால் கல்லீரல் தட்டையாகிவிடும், நுரையீரல் சுருங்கிவிடும், குடல் சரிந்துவிடும். வெளியே எடுத்து மேசையில் வைத்து வரைந்தால் அது உறுப்பின் உருவம் இல்லை, மேசையில் சரிந்த உருவம். 1893இல் ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் புளூம், ஃபார்மலின் திசுவைக் கெட்டிப்படுத்துகிறது என்று கண்டார். அதை இறந்த விலங்கின் ரத்தக்குழாய் வழியாக உடம்பு முழுக்கச் செலுத்தினால், உறுப்புகள் இருந்த இடத்திலேயே, இருந்த உருவத்திலேயே இறுகிவிடும். பிறகு திறந்தால் உயிரோடு இருந்தபோது எது எதை ஒட்டியிருந்தது என்று தெரியும். சிசன் இப்படி இறுகவைத்த உடல்களைப் பார்த்து 1910இல் தன் நூலை வெளியிட்டார். 1914இல் பெருக்கி எழுதினார். அவர் இறந்தபின் கிராஸ்மேன் அதைத் திருத்தி 1938இலும் 1953இலும் கொண்டுவந்தார். 1975இல் ராபர்ட் கெட்டி பார்வையில் இரண்டு பெரிய தொகுதிகளாக ஐந்தாம் பதிப்பு வந்தது. அதாவது வாத்தியார் போய் 50 வருஷத்துக்குப் பிறகும் அவர் வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

இன்றும் உடற்கூறு வகுப்பு என்றால் ஃபார்மலின் நெடிதான். கண் எரியும், சாப்பாட்டில் கை வைக்கும்போதும் அந்த வாசனை வரும் என்று படித்தவர்கள் சொல்வார்கள். முதல் வருஷத்தில் வருகிற பாடம் என்பதால், முடித்தவுடன் மறக்க ஆசைப்படுகிற பாடமும் அதுதான்.

சிசன் நூலும் குதிரையில்தான் தொடங்குகிறது. அவரைக் குறைசொல்ல முடியாது. அவர் காலத்து அமெரிக்காவில் ஏருக்கும் வண்டிக்கும் குதிரைதான். தப்பு, அந்த வரிசையை நாம் அப்படியே வைத்துக்கொண்டதில்தான்.

மாடு முதல் பக்கத்துக்கு வந்தது

1936இல் வேப்பேரிக் கல்லூரி மெட்ராஸ் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இந்தியாவில் கால்நடை மருத்துவத்துக்குப் பட்டப்படிப்பு முதலில் வந்தது அங்கேதான். அதுவரை பட்டயம்தான். பட்டம் வந்ததும் ஆராய்ச்சி, முதுகலை என்று பேச்சு வந்தது. வாத்தியார்கள் பாடம் சொல்வதோடு, புத்தகத்தில் இல்லாததைத் தாங்களே அறுத்துப் பார்த்து எழுத வேண்டிய நிலை வந்தது.

1964இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் டி. ராகவனின் 'எருதின் உடற்கூறு' என்ற ஆங்கில நூலை வெளியிட்டது. குதிரை, நாய், கோழி பற்றிய ஒப்பீட்டுக் குறிப்புகளும் அதில் உண்டு. தலைப்பைக் கவனியுங்கள். இப்போது மாடுதான் நடுவில். குதிரை ஓரத்துக்குப் போய்விட்டது. சிசனின் முதல் பதிப்பில் இருந்து 54 வருஷம், சென்னைக் கல்லூரி தொடங்கியதில் இருந்து 61 வருஷம் ஆகியிருந்தது. எளிய மாற்றம்போலத் தெரியும். ஆனால் 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாடுகள் 19 கோடிக்கு மேல், எருமைகள் சுமார் 11 கோடி, குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து 3.4 லட்சம். ஒரு குதிரைக்கு 500க்கும் மேற்பட்ட மாடுகள்! அந்த 500 மாடுகளின் பாடம் முதல் பக்கத்துக்கு வர அவ்வளவு காலம் பிடித்தது.

இதனால் விவசாயிக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். ஒரு உதாரணம் சொல்கிறேன். மாட்டின் இரண்டாவது அறை, தேன்கூடுபோல் உள்ளே வரிவரியாக இருக்கும். மாடு புல்லை மெல்லாமல் விழுங்கிவிடுகிற பிராணி. புல்லோடு போன ஆணியும் கம்பியும் இந்தத் தேன்கூட்டு அறையில்தான் போய்த் தங்கும். அந்த அறைக்கு முன்னால் உதரவிதானம் என்கிற தசைத்திரை, அதற்கு முன்னால் இதயம். நடுவில் இருப்பது சில சென்டிமீட்டர்தான். கருப்பை கனத்து அழுத்தும்போதோ, கன்று போட முக்கும்போதோ கம்பி திரையைத் துளைத்து இதய உறையில் குத்தும். மாடு முழங்கையை விரித்து நிற்கும், கழுத்தடியில் நீர் கோத்துத் தொங்கும், இறக்கத்தில் இறங்க மறுக்கும். எங்களைப்போலச் சரிவில் மாடு மேய்க்கிறவர்களுக்குக் கடைசி அடையாளம் சட்டென்று தெரிந்துவிடும். குதிரைக்கு அப்படி ஒரு அறையே கிடையாது. குதிரையை மட்டும் படித்தவர் இந்த மாட்டைப் பார்த்தால் நெஞ்சுச் சளி என்று மருந்து கொடுப்பார். மாட்டைப் படித்தவர் கம்பியைத் தேடுவார்.

அப்படியானால் யானை?

இப்போது எங்கள் ஊருக்குத் திரும்புகிறேன். 1980களின் தொடக்கம். ஒரு விடியற்காலையில் எங்கள் வாழைத் தோட்டத்து ஓரத்தில் ஒரு பெண் யானை செத்துக் கிடந்தது. ஊரே கூடிவிட்டது. பணியப் பெண்கள் சிலர் பூவைக் கொண்டுவந்து தும்பிக்கைமேல் வைத்தார்கள். அப்பா மட்டும் கிட்டே போகவில்லை. வேலி ஓரமாகவே நின்றார். முகம் வெளிறிப்போயிருந்தது.

எனக்குப் புரியவில்லை. அம்மாதான் காதோடு சொன்னார்: "நாமதான் வாழையில விஷம் வெச்சோம்னு சொல்லிடுவாங்களோன்னு பயப்படுறார்டா."

பயப்படக் காரணம் இருந்தது. போன மாதம்தான் யானை வந்து பாதித் தோட்டத்தை அழித்திருந்தது. அப்பா டீக்கடையில் கோபமாக என்னென்னவோ பேசியிருந்தார். பேசியதைக் கேட்டவர்களும் அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

வனத்துறையின் யானை டாக்டர் வேறெங்கோ போயிருந்ததால், எங்கள் பசுவைப் பிழைக்கவைத்த அதே மாட்டு டாக்டரை அழைத்து வந்தார்கள். அவர் வந்ததும் கத்தியை எடுக்கவில்லை. காது ஓரத்து நரம்பில் இருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தேய்த்தார். அடைப்பான் இருக்கிறதா என்று பார்க்கத்தான். அடைப்பானில் செத்த உடலைத் திறந்தால், காற்றுப் பட்டதும் கிருமி வித்தாக மாறிப் பல வருஷம் மண்ணில் கிடக்கும். அங்கே மேய்கிற மாடெல்லாம் சாகும், அறுக்கிற மனுஷனுக்கும் ஆபத்து. ஆஸ்பத்திரிக்குப் போய் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, 'இல்லை' என்று சொல்லி மதியத்துக்கு மேல் திரும்பி வந்தார். அதற்குப் பிறகுதான் கோடாரியும் கத்தியும்.

நானும் சில பையன்களும் மரத்தில் ஏறிப் பார்த்துக்கொண்டிருந்தோம். மார்பைத் திறந்தபோது உதவிக்கு வந்தவர் சத்தமாகச் சொன்னார்: "சார், நுரையீரல் விலாவோட ஒட்டிக்கிட்டு இருக்கு. பிரிக்கவே முடியல. நெஞ்சு நோவுலதான் செத்திருக்கு." அவர் மாடுகளை அறுத்துப் பழகியவர். மாட்டில் நுரையீரல் அப்படி ஒட்டியிருந்தால் அது நோய்தான்.

டாக்டர் தலையை ஆட்டினார். "இது மாடு இல்லப்பா. யானைக்கு ஒட்டித்தான் இருக்கும்."

அடுத்து கல்லீரல். "பித்தப்பையைக் காணோமே சார்?" "அதுவும் யானைக்குக் கிடையாது. மேல பாரு."

பிறகு இரைப்பையைத் திறந்தார்கள். ஏறக்குறைய ஒன்றும் இல்லை. வாழைத் துண்டு இல்லை, தழைகூட இல்லை. கடைசியில் வாயைப் பிளந்து பார்த்தார். நாக்கு கிழிந்து, தாடை எலும்பு உடைந்து, சீழ் வைத்திருந்தது. பழைய காயம். அவுட்டுக்காய். காட்டுப் பன்றிக்காக யாரோ தின்பண்டத்துக்குள் வைத்த வெடி. யானை அதைக் கடித்து, தின்ன முடியாமல் பல நாள் அலைந்து, பட்டினியில் எங்கள் தோட்டத்து ஓரத்தில் வந்து விழுந்திருக்கிறது.

டாக்டர் எழுதிக்கொண்டே அப்பாவைப் பார்த்தார். "நீங்க வீட்டுக்குப் போங்க. இது உங்க தோட்டத்துல நடந்தது இல்ல." அப்பா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் கைகழுவத் தண்ணீர் ஊற்றும்போது அவரிடம் கேட்டேன், யானையை எங்கே படித்தீர்கள் என்று. "காலேஜ்ல யானையை யாரு குடுப்பா? இங்க வந்தப்புறம் வனத்துறை டாக்டர் கூடவே நின்னு பார்த்துக் கத்துக்கிட்டேன். அவங்க முன்னாடி யாரோ ஒருத்தர்கிட்ட."

அந்த 'யாரோ ஒருத்தர்'

அந்த வரிசையைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் ஆச்சரியமான இடத்தில் நிற்கும். 1681 ஜூன் 17ஆம் தேதி அயர்லாந்தின் டப்ளின் நகரில், காட்சிக்கு வைத்திருந்த ஒரு யானை கொட்டகையோடு தீப்பிடித்துச் செத்தது. ஆலன் மல்லன் என்ற மருத்துவர், கசாப்புக்காரர்களை உதவிக்கு வைத்துக்கொண்டு அவசர அவசரமாக அதை அறுத்துப் பார்த்து, அடுத்த வருஷம் எழுதி அச்சிட்டார். யானையின் நுரையீரல் நெஞ்சுக்கூட்டோடு ஒட்டியிருப்பது 300 ஆண்டுகளுக்கும் மேலாகத் தெரியும் என்று இன்றைய ஆய்வாளர்கள் எழுதும்போது, அந்தக் கணக்கு இவரில் இருந்து தொடங்குகிறது. மற்றப் பாலூட்டிகளுக்கு நுரையீரலுக்கும் நெஞ்சுச்சுவருக்கும் நடுவே வழுக்கும் இடைவெளி உண்டு. யானைக்கு அந்த இடத்தில் இணைப்புத் திசு நிரம்பியிருக்கும்.

ஏன் என்பதற்கு 2001இல்தான் ஜான் வெஸ்ட் என்ற மூச்சியல் அறிஞர் ஒரு விளக்கம் சொன்னார். யானை ஆற்றைக் கடக்கும்போது உடம்பு முழுக்க நீருக்குள், தும்பிக்கை மட்டும் வெளியே. நெஞ்சை வெளியில் இருந்து நீர் அழுத்துகிறது, உள்ளேயோ வெளிக்காற்றின் அழுத்தம்தான். மெல்லிய சவ்வு இருந்தால் அதன் நுண்குழாய்கள் வெடித்துவிடும். அதனால் கெட்டியான திசு என்றார். மாயாற்றில் யானை நீந்துவதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

இன்னொன்று. 1706இல் ஸ்காட்லாந்தின் டண்டீ அருகே செத்த யானையை பேட்ரிக் பிளேர் அறுத்து, 1710இல் வெளியிட்டார். யானைக்கு ஆறு விரல் என்று அவர் எழுதினார்.  2011இல் ஒரு ஆய்வுக் குழு, பாதத்துக்குள் குதிகாலைத் தாங்க விரல்போலவே வேலை செய்யும் ஒரு எலும்பு இருப்பதை விளக்கியது. பிளேர் சொன்னதில் விஷயம் இருந்தது என்று ஒத்துக்கொள்ள 300 வருஷம் ஆனது.

இந்திய யானையின் உடற்கூற்றுக்கென்று மையால், கிரீன்வுட் இருவரும் எழுதிய நூல் 1878இல் இங்கிலாந்தில் வந்தது. யானை நோய்கள் பற்றி ஜான் ஹென்றி ஸ்டீல் எழுதிய கையேடு 1885இல் சென்னையிலேயே அச்சானது. யானை அப்போது படைக்குச் சாமான் சுமக்கிற பிராணி. ஆக, யானையும் குதிரை வந்த அதே வாசல் வழியாகத்தான் புத்தகத்துக்குள் வந்தது. டி. மாரியப்பாவின் 'இந்திய யானையின் உடற்கூறும் திசுவியலும்' என்ற நூல் வந்தது 1986இல், அமெரிக்காவின் மிச்சிகனில் இருந்து. அந்த 1878க்கும் இந்த 1986க்கும் நடுவில் 108 வருஷம். நம் காட்டு விலங்கைப் பற்றி ஒரு இந்தியர் எழுதிய நூல், அச்சேற அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

இந்த இடைவெளியைக் காட்டுக்குள் நிரப்பியவர்களில் முக்கியமானவர் தமிழ்நாடு வனத்துறையின் கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி. யானை வட்டாரத்தில் 'டாக்டர் கே'. டாப்ஸ்லிப்பிலும் முதுமலையிலும் வேலை செய்தவர், 2002இல் காலமானார். ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கதையைப் படித்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். காட்டில் செத்துக் கிடக்கிற யானை ஒவ்வொன்றையும், எவ்வளவு அழுகியிருந்தாலும், அறுத்துப் பார்த்துக் காரணம் எழுத வேண்டும் என்று வலியுறுத்தியவர் அவர். அவர் கேட்டது வெறும் துப்பறியும் வேலை இல்லை. ஒவ்வொரு பிரேதப் பரிசோதனையும் ஒரு உடற்கூறு வகுப்புதான். கல்லூரி மேசையில் வைக்க முடியாத பிராணிக்குக் காடே மேசை.

அந்த அறிவு உயிரோடிருக்கிற யானைக்கும் வேண்டும். 2022 டிசம்பரில் பந்தலூர்ப் பக்கம் 'பி.எம்.2' என்ற மக்னாவை மயக்க ஊசி போட்டுப் பிடித்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். மயங்குகிற யானை நெஞ்சு தரையில் அழுந்தக் குப்புறப் படுத்துவிட்டால் டாக்டர்கள் ஏன் அப்படிப் பதறுவார்கள் தெரியுமா? யானை மூச்சு விடுவது நெஞ்சுக்கூட்டையும் உதரவிதானத்தையும் அசைத்துத்தான். தன் எடையே நெஞ்சை அழுத்தினால் மூச்சு முட்டிச் செத்துவிடும். சீக்கிரம் ஒருக்களித்துச் சாய்க்க வேண்டும், இல்லாவிட்டால் எழுப்பிவிட வேண்டும். மாடு குப்புறப் படுத்து நிம்மதியாக அசைபோடும். யானையை அப்படி விட முடியாது. மறுபடி அதே பாடம்: எந்தப் பிராணி, எந்தப் பக்கம்.

கடைசியாக ஒன்று

உடற்கூறு வாத்தியார் எந்த மாட்டையும் குணப்படுத்துவதில்லை. எந்த விவசாயியும் அவர் பெயரைச் சொல்லிக் கும்பிடுவதில்லை. 30, 35 வருஷம் ஒரே ஃபார்மலின் நெடியில் நின்று, ஒவ்வொரு வருஷமும் புதிதாக வருகிற பையன்களுக்கும் பெண்களுக்கும் 'இது இடது, இது வலது' என்று சொல்லிவிட்டு ஓய்வுபெற்றுப் போகிறார். அவர் சொன்னது எங்கோ ஒரு மலை ஊரில், மழைக்கால விடியலில், ஒரு டாக்டரின் கையில் போய் வேலை செய்கிறது. எங்கள் பசு பிழைத்தது அப்படித்தான். எங்கள் அப்பா வழக்கில் மாட்டாமல் தப்பித்ததும் அப்படித்தான். நோய் இல்லாத இடத்தில் நோய் இல்லை என்று சொல்ல, அந்தப் பிராணியின் நல்ல உடம்பு எப்படி இருக்கும் என்று யாராவது முதலில் பார்த்து எழுதியிருக்க வேண்டும்.

அப்பா கடைசிவரை அந்த யானையைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மாடு செத்தால், புதைப்பதற்கு முன்னால் டாக்டரை அழைத்துவரச் சொல்வார். "என்னன்னு பார்த்துட்டுப் போடட்டும்" என்பார். நாங்கள் சிரிப்போம். இப்போது சிரிக்க முடியவில்லை.

1940, 50, 60களில் வேப்பேரியில் உடற்கூறு படித்தவர்கள், அல்லது அவர்கள் வீட்டுப் பிள்ளைகள், இதைப் படிக்க நேர்ந்தால் ஒரு வேண்டுகோள். பழைய வகுப்பு நோட்டு, கையால் வரைந்த படம், அறுவைக் கூடத்துப் போட்டோ எதுவானாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எனக்கு ஒரு வரி எழுதுங்கள். குதிரைப் பக்கத்தில் இருந்து மாட்டுப் பக்கத்துக்கு நம் ஆட்கள் எப்படி நகர்ந்தார்கள் என்பது, அந்த ஓரத்துப் பென்சில் குறிப்புகளில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.